வெளிவராத விளையாட்டுகள்

சென்ற கார்த்திகைத் தீபத்திற்கு முன்பு, திருவண்ணாமலையில் உள்ள எங்கள் வீட்டிற்கு வெள்ளையடிக்கும் பொருட்டுப் பரண்மீதிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். என் பள்ளிக் குறிப்பேடுகளுக்கிடையே ஐந்தேகால் அங்குலப் பிளாப்பி ஒன்று கிடந்தது. அதன் உறைமீது, 'கிரிவலம் - முடியவில்லை' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

இளைய நண்பர்களுக்கு இதனைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். 1984ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்த 'கிளாஸ்' என்னும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. இங்கிலாந்து நாட்டு ஏக்கான் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கம்ப்யூட்டர்களே அதில் வழங்கப்பட்டன. எங்கள் பள்ளிக்கும் அவை வந்தன. நானும் என் வகுப்புத் தோழனும் அதில் ஒரு விளையாட்டு எழுதத் தொடங்கினோம். ஒரு வெள்ளைப் புள்ளி மலையைச் சுற்றி வந்து எட்டு லிங்கங்களையும் வரிசையாகத் தொடவேண்டும்; அவ்வளவுதான் விளையாட்டு. வருண லிங்கம் வரையில் வந்தோம். அதற்குள் தேர்வு வந்துவிட்டது.

முடியாத ஒன்றை ஏன் காக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மாமல்லபுரத்தில் வலையன்குட்டை ரதத்தையும் பிடாரி ரதங்களையும் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மேற்பகுதியில் சிற்ப வேலை தெரிய, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நின்றுவிட்டது. சிற்பி மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினான் என்பதை முடிந்த கோயிலைக் காட்டிலும் முடியாத அந்த ரதங்களே நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

வீடியோ விளையாட்டிலும் இவ்வாறே. ஜப்பானிய சேகா கம்பெனி 1992ஆம் ஆண்டில் 'சோனிக் 2' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முன்னரே பத்திரிகைகளில் வந்த படங்களில் 'மறைந்த அரண்மனை' என்று பொருள்படும் பெயருடைய ஒரு கட்டம் இருந்தது. கடையில் வாங்கிய விளையாட்டிலோ அது இல்லை. 1990களின் இறுதியில், அவ்விளையாட்டின் முற்பட்ட படி ஒன்று இணையத்தில் அகப்பட்டது. அரைகுறையான அக்கட்டம் அதில் இருந்தது! 2013ஆம் ஆண்டில் கைப்பேசிகளுக்காக அதே விளையாட்டைத் திருத்தி வெளியிட்டபோது, அக்கட்டமும் முற்றுப்பெற்றுச் சேர்ந்தது. பழைய படி கிடைத்திராவிடில் அக்கட்டத்தைப் பற்றிய பேச்சு வெறும் வதந்தியாகவே இருந்திருக்கும்.

கல்லுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடைக்கு வரும் கேட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் 'ரோம்' சில்லில், தொழிற்சாலையிலேயே விவரம் சுற்றமைப்பாகப் பதிந்துவிடுகிறது. அது நெடுங்காலம் நிற்கும். சோதனைக்காகச் செய்யப்படும் முன்படிகளில் பெரும்பாலும் 'ஈப்ரோம்' சில்லுகளையே வைத்தார்கள். 1971ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த வகை அது. நுண்ணிய தனித்தனி அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி, அதன் மூலம் எழுத்துகளைக் குறிப்பார்கள். சில்லின் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் எழுதியது அழிந்து, மீண்டும் எழுத இடம் கிடைக்கும். ஆகையால் அச்சாளரத்தைச் சீட்டு ஒட்டி மறைப்பது வழக்கம். சீட்டு உதிர்ந்து வெயில் பட்டால் கேடு. வெயிலே படாவிட்டாலும், சிறைப்பட்ட மின்னூட்டம் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்தவர், ஒருநாள் திறந்து பார்க்கையில் பொருளை மட்டும் காண்பார், விளையாட்டைக் காணமாட்டார். ஏட்டுச்சுவடியைச் செல்லரித்தால் ஓட்டையாவது தெரியும்.

எனவே இத்துறையினர் முதலிற் செய்வது படியெடுத்தல். ஒருமுறை படித்ததை நம்பாமல், இரண்டு மூன்று முறை படித்து ஒப்பிட்டுப் பார்த்து, படிகளை வெவ்வேறிடங்களில் வைப்பார்கள். உரிமையாளரே காத்து வைப்பது அரிது. நிண்டெண்டோ கம்பெனி 1990களில் முடித்தும் வெளியிடாது நிறுத்திய 'ஸ்டார் பாக்ஸ் 2' 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது, அது நல்வாய்ப்பே. அதே 2017இல் அமெரிக்காவில் தோன்றிய வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ஆம் ஆண்டில் ஒரு கணக்கெடுத்தது. அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை. வெளிவந்தவற்றின் கதியே இதுவாயின், வெளிவராதவற்றைப் பற்றி என்ன சொல்வது!

நம் நாட்டில் நூல் வெளியிடுவோர் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்பவேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. வீடியோ விளையாட்டு அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. அதனைச் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் சட்டம் வெளியானவற்றையே தேடிவரும்; எங்கள் பிளாப்பியைத் தேடி எவர் வருவார்?

அது பூஞ்சை படிந்து வெள்ளைப் புள்ளிகளோடு இருந்தது. அப்படியே இயந்திரத்தில் செருகினால், தகடும் கெடும், படிக்கும் முனையும் கெடும். பழைய கம்ப்யூட்டர்களைச் செப்பனிடும் நண்பர் ஒருவர் உறையைப் பிளந்து, தகட்டைத் துடைத்து, காந்தப் பூச்சின் ஒவ்வொரு மாற்றத்தையும் அப்படியே பதியும் கருவியில் வைத்தார். மூன்று படிகள் இருந்தன. இறுதியானது சிதைந்துவிட்டது. முதலாவது முழுமையாகக் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தேன்: புள்ளி மலையை இடமாகச் சுற்றியது!

எனக்குச் சட்டென நினைவு வந்தது. தோழனின் பாட்டி ஒருமுறை பள்ளிக்கு வந்தபோது அதனைப் பார்த்து, "அப்பிரதட்சிணமாகப் போகிறதே, தம்பி" என்றார். இரண்டாம் படியில் திசையை மாற்றியிருக்கிறோம். அந்த ஒரு வரிக்கருகில் தோழன் பாட்டியின் பெயரை எழுதி வைத்திருக்கிறான். மூன்றாவதை மீண்டும் படிக்க இயலுமா என்று நண்பர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்.