ஹாஸ்கெல் மொழியில் டியூப்பிள்

சார்புநிலை நிரலாக்கத்தில் ஒரு சார்பு திருப்பித் தருவது ஒரே ஒரு மதிப்பைத்தான் என்றாலும், 17-ஐ 5-ஆல் வகுக்கும்போது ஈவும் மீதியும் சேர்ந்தே கிடைப்பதால், அவ்விரண்டையும் ஒரே மதிப்பாகக் கட்டித் தருவதற்கு ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. 1990-இல் முதல் வரையறை வெளியான ஹாஸ்கெல் மொழியில், டிவ்மாட் என்னும் சார்பு இக்கணக்குக்கு (3, 2) என்று விடை தருகிறது. அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு எழுதப்படும் இத்தொகுதியே டியூப்பிள் எனப்படுகிறது.

பட்டியலில் உறுப்புகள் எத்தனையும் இருக்கலாம், ஆனால் அவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். டியூப்பிளிலோ வகைகள் வேறுபடலாம், எண்ணிக்கையும் வரிசையும் மட்டும் மாறா. ஒருவரின் பெயரையும் வயதையும் கொண்ட டியூப்பிளின் வகை (ஸ்ட்ரிங், இன்ட்), அதாவது முதலில் எழுத்துச்சரம், அடுத்து முழு எண். வயதை முன்னும் பெயரைப் பின்னும் வைத்தால் அது (இன்ட், ஸ்ட்ரிங்) என்னும் முற்றிலும் வேறான வகையாகிவிடுவதால், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிழையைச் சுட்டி நிறுத்திவிடுகிறது. டியூப்பிளின் உண்மையான வலிமை இந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இவ்வகைகளை நிரலர் எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை. ராபின் மில்னர் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கிய வகை உய்த்தறிதல் முறையின் வழியில் வந்த உத்திகளால் கம்பைலரே அவற்றைக் கண்டுகொள்கிறது.

கட்டியதைப் பிரிப்பதற்கு, (ஈவு, மீதி) = டிவ்மாட் 17 5 என்று இடப்பக்கத்தில் அதே வடிவத்தை எழுதினால் போதும்; ஈவு 3 ஆகவும் மீதி 2 ஆகவும் அமைந்துவிடும். வடிவப் பொருத்தம் எனப்படும் இம்முறை எந்த நீளமுள்ள டியூப்பிளுக்கும் பொருந்தும். ஓர் உறுப்பு மட்டுமுள்ள டியூப்பிள் ஹாஸ்கெலில் இல்லை, ஏனெனில் (5) என்பது வெறும் 5-தான். ஆனால் உறுப்பே இல்லாத () உண்டு, குறிப்பிடத்தக்க விடை எதுவும் தராத செயல்களின் விளைவாக அது பயன்படுகிறது.

இருப்பினும் டியூப்பிள் உறுப்புகளை இடத்தால் மட்டுமே அடையாளம் காண்கிறது, பெயரால் அன்று. அட்சரேகையும் தீர்க்கரேகையும் டபுள் என்னும் ஒரே பதின்ம எண் வகையாக இருக்கும்போது, அவை இடம் மாறிப்போனாலும் கம்பைலர் தடுக்காது. அத்தகைய இடங்களில், ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சூட்டும் ரெகார்டே தக்கது. ஹாஸ்கெல் வரையறை 15 உறுப்புகள் வரையிலான டியூப்பிள்களுக்கு இடமளிக்கும்படி ஒவ்வொரு கம்பைலரையும் பணித்தாலும், மூன்றைத் தாண்டும்போதே நிரலர் ரெகார்டுக்கு மாறிவிடுவது நல்லது.