பழைய சைக்கிளா? உயரம் பார்த்து வாங்குங்க!

"வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே இருக்கட்டும்" என்று சட்டை எடுக்கலாம். செகண்ட்ஹேண்ட் சைக்கிள் வாங்கக்கூடாது. கால் எட்டாத சைக்கிளில் சடன் பிரேக் போட்டால் எங்கே அடிபடும் என்று சொல்லவா வேண்டும்!

நம் ஊர் கறுப்பு சைக்கிள்களில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்பது சக்கர அளவல்ல, பிரேமின் உயரம். பெடல் அச்சின் நடுவிலிருந்து, சீட் தண்டு நுழையும் குழாயின் மேல் விளிம்பு வரை டேப் வைத்தால் தெரிந்துவிடும்.

செருப்போடு, பாரின் இருபுறமும் காலை ஊன்றி நில்லுங்க. இரண்டு விரல்கடை இடைவெளியாவது வேண்டும். இடிக்கிறதா? எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளில் இது பயன்படாது. அங்கே ஹேண்டில்பாரைத் திருப்பினால் முழங்காலில் இடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்க.

அடுத்தது சீட். உட்கார்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்தால் இடுப்பு ஆடும், முட்டிக்குப் பின்னால் இழுக்கும்.

சின்ன பிரேமில் சீட்டை ஏற்றிவைத்து விற்பதும் உண்டு. தண்டை உருவிப் பாருங்க; குழாய்க்குள் இரண்டரை அங்குலமாவது இருக்கணும். துருப்பிடித்து அசையவே இல்லையா? வேற சைக்கிள் பாருங்க.