படி யார் கையில்?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது காரமடை. அரங்கநாதர் கோயில் கொண்ட ஊர். மாசித் தேர் என்றால் சுற்று வட்டாரமே திரண்டு வரும்.

அந்தக் காரமடை ஒன்றியத்தில், பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டி என்றொரு கிராமம். அங்கே வாழ்ந்தவர் பாப்பம்மாள். 2021ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்போது அவருக்கு வயது நூறுக்கு மேல்!

கடையும் காடும்

பாப்பம்மாள் சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பாட்டிதான் வளர்த்தார். பாட்டி நடத்திய மளிகைக் கடை பின்னர் பேத்தியின் கைக்கு வந்தது.

கடையில் காசு சேர்த்தார். சேர்த்த காசில் நிலம் வாங்கினார். ஏறத்தாழ 10 ஏக்கர்! வாழை, பயறு, காய்கறி என்று பயிர் செய்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரோடு பழகிப் புதிய செய்திகளைத் தெரிந்து கொண்டார். இயற்கை முறையில் விவசாயம் செய்தார். காரமடை ஊராட்சி ஒன்றிய உறுப்பினராகவும் இருந்தார்.

பிற்காலத்தில் நிலத்தில் ஒரு பகுதி கைமாறியது. மிஞ்சியது இரண்டரை ஏக்கர்.

ஊர் என்ன சொல்லும்? "பத்து ஏக்கர் இரண்டரை ஆகிவிட்டதே, பாவம்!" என்று சொல்லும். பாப்பம்மாளோ திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை. நூறு வயதைக் கடந்த பிறகும் காட்டுக்குப் போனார், பாடுபட்டார். பத்மஸ்ரீ தேடி வந்தது, இரண்டரை ஏக்கர் வைத்திருந்த பாப்பம்மாளைத்தான்!

அடுத்த வீட்டுப் படி

மளிகைக் கடைக்காரர் தம்முடைய படியால்தான் அளப்பார். அடுத்த கடைப் படியை இரவல் வாங்கி அளப்பாரா? மாட்டார். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுப் பையன் வெளிநாடு போனான். எதிர் வீட்டுக்காரர் மாடி கட்டினார். அந்தப் படியை வாங்கி வந்து நம் வாழ்வை அளக்கிறோம். "குறைகிறதே!" என்று கலங்குகிறோம்.

சொந்தப் படி எது என்று கண்டுபிடிப்பது எப்படி? உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாராட்டோ பட்டமோ வராது என்று தெரிந்தாலும், நாளைக் காலையில் எந்த வேலைக்காக எழுந்து போவேன்?"

"வாடகையும் வட்டியும் இருக்கும்போது இந்தக் கேள்வி எதற்கு?" என்கிறீர்களா? நியாயம்தான். பாப்பம்மாளும் கடை வைத்துத்தான் பிழைத்தார். கடையை அவர் இழிவாக நினைக்கவில்லை. அந்தக் கடைதான் காட்டை வாங்கித் தந்தது. உங்கள் வேலையும் அப்படி ஒன்றுக்கு முதல் ஆகலாம். அந்த ஒன்று எது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி பாப்பம்மாள் காலமானார். கடை வைத்துப் பிழைத்தவர், மண்ணில் உழைத்துப் பெயர் பெற்றார்.

சற்று ஓய்வாக உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் வாழ்வை அளக்கும் படி யார் கையில் இருக்கிறது?