மலைக்கு அப்பால் பிறந்த கணக்கு

இராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தலின் கீழ் நின்று, துபாயில் இருக்கும் மகனோடு கைப்பேசியில் பேசுகிறார் ஒரு தோழர். அந்தப் பேச்சு கோபுரம் வரை வானலையாகப் போகிறது. அதற்கப்பால் கண்ணாடி இழையில், கடலடியில், ஒளியாகப் போகிறது. பேச்சை ஒளியில் ஏற்றுவது எது? மந்திரமா? அல்ல, ஒரு சிறு பளிங்குத் துண்டு!

“இதெல்லாம் படித்த சீமான்கள் சமாச்சாரம், குலை வெட்டுகிறவனுக்கு எதற்கு?” என்பார் சிலர். எதற்கென்று சொல்கிறோம்.

வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் ஒளி கண்ணாடியில் ஓடுவதில்லை. எத்தனை மடங்கு மெதுவாக ஓடுகிறது என்று சொல்வதே ஒளிவிலகல் எண். மின்சாரம் இந்த எண்ணை மாற்றும் என்று 1875-இல் காட்டினார் ஜான் கெர். அவர் பிரபு அல்லர்; கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொன்ன வாத்தியார். திரவங்களில் அது ஏன் நிகழ்கிறது என்று 1927-இல் ஒரு கொள்கை வகுத்து, லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் சி. வி. இராமன். மற்றவர் கே. எஸ். கிருஷ்ணன். இவர் பிறந்தது எங்கே? 1898-இல், வத்திராயிருப்பில்! இராயப்பன்பட்டிக்குக் கிழக்கே மேகமலையையும் வருசநாட்டு மலையையும் தாண்டி இறங்கினால் அந்தப் பக்கம்தான். உள்ளூர்ப் பள்ளியில் படித்த பிள்ளை. மறு ஆண்டு இராமன் விளைவைக் கண்டபோதும் உடனிருந்து உழைத்தவர் இவரே. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணன் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை பிள்ளைகள் அறிவர்?

இன்று கண்ணாடி இழைத் தொடர்பில் உழைக்கும் பளிங்குகளில் ஒன்று லித்தியம் நையோபேட். ஒளியை இரண்டாகப் பிரித்து இரு பாதைகளில் விடுகிறார்கள். ஒரு பாதையில் மின்னழுத்தம் கொடுத்தால் அங்கே ஒளி சற்றே பின்தங்கும். அரை அலை பின்தங்கியதும், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து, இருள்! மின்சாரத்தை எடுத்தால் வெளிச்சம். (வெளிச்சம் என்றோமே, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது.) நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறும் இந்த இருளிலும் வெளிச்சத்திலும்தான் தோழரின் பேச்சு ஏறிப் போகிறது.

ஐந்து மைக்ரான் இடைவெளியில் 5 வோல்ட் கொடுத்தால், சுமார் 2.2 ஆக இருக்கும் எண் ஏறக்குறைய 0.00016 அளவே மாறும். அற்பம்! ஆனால் அரை சென்டிமீட்டர் ஓடினால் அதுவே அரை அலையாகச் சேர்ந்துவிடும்.

பளிங்கை வெட்டியபின் கணக்குத் தவறினால் பணம் பாழ். ஆகவே முதலில் கணினிக்குள்ளேயே பளிங்கைக் கட்டுகிறார்கள். அதைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்புலம் எவ்வளவு, எண் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டு, ஒளியை அதனூடே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆலை கட்டக் கோடிகள் வேண்டும், கணக்குக்கு வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ‘மீப்’ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 2011-இல் மாணவர்க்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ஏளனம் செய்தார்களே, அப்படிப்பட்ட பெட்டியே சிறு கணக்குக்குப் போதும்.

பிறகு எது தடை? மொழி! பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒளிவிலகல் எண்ணைத் தமிழிலே படித்த நம் வீட்டுப் பிள்ளைக்கு, கல்லூரி வாசலில் அதே எண் அந்நியமாகிறது. தமிழில் சொல் இல்லையாம்! மேலே நாம் எழுதியது எந்த மொழியில்?

மென்பொருளின் கையேடு தமிழில் வரவேண்டும் என்று கேட்கிறோம். வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உத்தமபாளையம் வட்டாரத்தில் நம் படிப்பகம் ஒன்றில் ஒரு பழைய மடிக்கணினியை வைத்து, இயற்பியல் ஆசிரியர் ஒருவரை ஞாயிறுதோறும் அழைத்து, அடுத்த மாதமே தொடங்கலாம்.