இருள் வருமுன் ஏற்றவேண்டிய விளக்கு

விளக்கின் அருமை இருளிலே விளங்கும் என்பது பெரியோர் கண்ட அனுபவம். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றபின், பல ஆண்டுகளாக நம் மாணவர் ஜாம் போத்தலிற் பஞ்சும் திரியுமிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கொளியிலே படித்துத் தேறினர். அவர்களுட் பலர் இன்று பழைய மாணவராய் இம்மலரைக் கையிலேந்துகின்றனர். பின்னர் மின்சாரம் வந்தது. இருளோடு வாழும் பழக்கம் மறைந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றிற்கு 13 மணிநேர மின்வெட்டு நேர்ந்தபோதும், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்றினால் நாடு முழுவதும் மின்னிழந்தபோதும், நெருப்புப்பெட்டி எங்கேயென்று தேடாத வீடுகள் எத்தனை?

முதற்கண் விளக்கை நோக்குவோம். ஒளிதரும் குப்பி விளக்கே கவிழ்ந்து உடையிற் பற்றி உயிர் கொண்டதும் உண்டு. தீப்புண்பட்டோரின் துயரைக் கண்டு மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாய், பாரமுள்ளதாய், சரிந்தாலும் உருளாதவாறு இருபுறமும் தட்டையாய், இறுகத் திருகும் மூடியுள்ளதாய், தடித்த கண்ணாடியில் ஒரு விளக்கை அமைத்தார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். நாம் எவ்விளக்கைக் கொண்டாலும் இவ்விலக்கணங்களை அதிலே தேடுதல் வேண்டும். நுளம்பு வலைக்கும் திரைச்சீலைக்கும் அண்மையில் விளக்கை வைத்தலாகாது. எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றலாகாது. மண்ணெண்ணெயுடன் பெற்றோல் கலத்தல் பெருங்கேடு. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். பெற்றோலோ பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகையளவிலேயே அதனைத் தரவல்லது. தீப்புண் நேரின் 20 நிமிடம் ஓடும் தண்ணீரிற் பிடிக்க. பற்பசையோ எண்ணெயோ பூசற்க. மின்சூளும் பற்றரி விளக்கும் கிடைக்குமிடத்து அவையே சிறந்தவை.

இரண்டாவது, மின்பிறப்பாக்கி. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட நாட்டத்துடன் பற்றுவது. உறங்குவோர் உறக்கத்திலேயே இறப்பர். ஆதலின் அப்பொறியை விறாந்தையிலேனும் அறையிலேனும் வையாது, யன்னல்களுக்கு அப்பால் வெளியிலே வைத்தல் வேண்டும். அதனை வீட்டுச் சுவரிலுள்ள மின்குதையிற் செருகுவோரும் உளர். அவ்வாறு செய்யின், 230 உவோற்று மின்னழுத்தம் தெருவிலுள்ள நிலைமாற்றியினூடு பின்னோக்கிச் சென்று 11,000 உவோற்றாகவும், சில இடங்களில் 33,000 உவோற்றாகவும் உயரும். நமக்கு ஒளிதரக் கம்பத்தில் ஏறிய தொழிலாளி நம் வீட்டு மின்சாரத்தாலேயே மடிவான். தகுதி பெற்ற மின்வினைஞர் பொருத்திய மாற்று ஆளியின்றி வீட்டு இணைப்பில் அப்பொறியைத் தொடுத்தலாகாது.

மூன்றாவது, மின்சாரம் மீளும் வேளை. மின்னழுத்தி, அடுப்பு முதலியவற்றின் ஆளிகளை உடனே அணைத்து, ஒரு விளக்கின் ஆளியை மட்டும் திறந்துவைத்தால் மீட்சியை அதுவே அறிவிக்கும். சூடேறிய மின்னழுத்தியைத் துணிமீது மறந்து சென்றோர் வீடு திரும்புமுன் தீ முந்திக்கொள்ளும். வெள்ளம் நெருங்கின் நீர் உட்புகுமுன் பிரதான ஆளியை அணைக்க. நீரில் நின்றோ ஈரக்கையாலோ தொடற்க.

திறவாத குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய 4 மணிநேரமும், நிறைந்த உறைபெட்டி 48 மணிநேரமும் குளிர் காக்கும். இன்சுலின் கொள்வோர் அதனை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க. பனிக்கட்டியோடு ஒட்டி உறையவிடின் அது பயன்படாது. நீரிறைக்கும் பொறியை நம்பிக் கப்பியையும் கயிற்றையும் கைவிட்ட வீட்டார், கிணறு நிறைய நீரிருந்தும் தாகத்தால் வாடுவர்.

இவற்றைப் படித்தல் மட்டும் போதாது. ஒருநாள் மாலை பிரதான ஆளியை அணைத்து, அரைமணி நேரம் வீட்டை இருளிலே நடத்திப் பாருங்கள். விளக்கு எங்கே, நீர் எங்கே, மருந்து எங்கே, பாட்டியாரைக் கைபிடித்து நடத்துபவர் யார் என்பன அப்போது தெரியும். ஜாம் போத்தல் விளக்கிற் படித்த மூத்தோர் அன்று தம் பேரப்பிள்ளைகளுக்கு ஆசிரியராகுக.