காரைத் தாழ்த்துவோர் கவனத்திற்கு

மனோர் பார்க், சேர்ச் வீதியிலுள்ள முருகன் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு செல்லும் கார் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முன்னே மகனும் தந்தையும். பின்னே தாய், தங்கை, பாட்டி. நிலத்தை ஒட்டுமளவுக்குத் தாழ்த்தப்பட்ட அந்தக் கார், பக்கத் தெருவின் வேகத்தடையில் ஏறியதும் அடிப்பாகம் உரசிக் கறகறக்கிறது. மகன் தனியே ஓட்டிய நாளில் கேட்காத ஓசை, ஐவர் ஏறிய நாளில் கேட்கிறது. இத்தகைய ஓசை எமது வாசகர் பலருக்குப் புதிதன்று.

சுபாரு இம்பிரேசா போன்ற, நான்கு சில்லுகளும் உந்தும் கார்கள் மீது எம் இளைஞர் கொண்ட விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. 1995இல் கொலின் மக்ரே உலக ரலிப் பட்டம் வென்றது இம்பிரேசாவில்தான். பான்பரி நகரின் புரோட்றைவ் நிறுவனம் அதனை ஆயத்தம் செய்தது. தார் வீதிப் போட்டிக்கு ரலிக் கார் தாழ்த்தப்படும். கல்லும் மண்ணுமான பாதைக்கு அதே கார் உயர்த்தப்படும். பாதையே உயரத்தைத் தீர்மானிக்கிறது. எமது பாதையோ வேகத்தடைகள் நிறைந்தது. 1999ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வேகத்தடை 100 மில்லிமீற்றர் வரை உயர்ந்திருக்கலாம்.

ஆகவே முதலில் பணம் செலவிடவேண்டியது ரயருக்கே. வீதியைத் தொடுவது அது ஒன்றுதான். நான்கு சில்லுகளும் உந்துவதால் கார் விரைந்து புறப்படலாம். மழை வீதியில் விரைந்து நிற்பதற்கு ரயரின் பிடிப்பே வேண்டும். பெரிய சில்லு பூட்டுவோர் மொத்த விட்டம் மாறாது பார்த்துக்கொள்ள வேண்டும். 205/55 ஆர் 16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீற்றர். 225/45 ஆர் 17 ரயரினது 634. இத்தகைய மாற்றம் பொருந்தும். சுமை தாங்கும் எண் பழையதிலும் குறையலாகாது.

இவ்வகைக் கார்களில் இரண்டு ரயர்களை மட்டும் புதிதாக மாற்றுவது வீண் சிக்கனம். தேய்ந்த ரயரின் சுற்றளவு குறைவு. அது கூடுதல் தடவை சுழலும். முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் வலுவைப் பங்கிடும் நடு டிபரென்சியல் அந்த வேறுபாட்டை ஓயாது ஈடுசெய்து, சூடேறித் தேயும். ரயரில் மிச்சம் பிடித்த பணம் பன்மடங்காகக் கராஜுக்குப் போய்ச்சேரும்.

அடுத்தது ஸ்பிரிங். குட்டையான ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் பழைய ஷொக் அப்சோபரோடு பூட்டுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. இறுகிய ஸ்பிரிங்கின் துள்ளலைத் தளர்ந்த அப்சோபர் அடக்காது. கார் பள்ளந்தோறும் குதிக்கும். இரண்டையும் பொருத்தமான இணையாக ஒருங்கே மாற்றுவதே முறை. உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க கொயில் ஓவர் தொகுதி வாங்கினாலும், குறைக்க முடிந்த அளவுக்கெல்லாம் குறைக்க வேண்டியதில்லை. வீதிக் காருக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் தாழ்வு போதுமானது. ஐந்து பேரை ஏற்றி, ஸ்ரியறிங்கை முற்றாகத் திருப்பி, ரயர் எங்கும் உரசவில்லை என்று கண்ட பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

தாழ்த்திய கார் நான்கு சில்லுகளுக்கும் நேர்ப்படுத்தல் செய்யப்படவேண்டும். இல்லையேல் சில்லுகள் உட்சாய்ந்து ரயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது தேயும். ரயரின் நடு முக்காற்பங்கு அகலத்தில் 1.6 மில்லிமீற்றர் ஆழம் இருக்கவேண்டும் என்பது சட்டம். தவறினால் ஒவ்வொரு ரயருக்கும் 2,500 பவுண் வரை தண்டமும் 3 புள்ளிகளும் விதிக்கப்படலாம்.

இறுதியாகக் காப்புறுதி. செய்த மாற்றத்தை அறிவிக்காது மறைத்தால், விபத்தின்போது நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் ஒப்பந்தத்தை நீக்கவும் இடமுண்டு. மகன் நாள்தோறும் ஓட்டும் காரைத் தந்தையே பிரதான சாரதி என்று எழுதுவதும் மோசடியாகும். காப்புறுதியின்றி ஓட்டிப் பிடிபட்டால் 6 புள்ளிகள். சாரதிப் பத்திரம் பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால், 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பத்திரம் இரத்தாகும். மீண்டும் பழகுநராகத் தொடங்கிப் பரீட்சை எழுத வேண்டும். அந்தப் பத்திரத்தை நம்பி வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று.

எம்மில் பல பெற்றோர், ஆங்கிலப் படிவத்தைப் பிள்ளை வாசித்துச் சொல்ல, ஒப்பமிட்டே பழகியவர்கள். காப்புறுதிப் படிவத்திலாவது 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று ஒருமுறை கேட்போம். பிள்ளைகளும் மறைக்காது சொல்லட்டும். காரைத் தாழ்த்துவதைத் தடுக்கவேண்டும் என்பதல்ல எமது கருத்து. பாட்டியும் அச்சமின்றி ஏறி ஆலயம் சென்று வரத்தக்க அளவோடு அது நிற்கட்டும் என்பதே.