குரலால் அமைந்த ஆடுகளம்

நேர்முக வர்ணனை என்பது, மைதானத்தில் நிகழ்வதை அது நிகழும் கணத்திலேயே, அதைக் காண இயலாதவருக்குச் சொல்லால் காட்டும் ஒலிபரப்புக் கலையாகும். இதற்கு விளையாட்டறிவே முதல் தகுதி எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், தமிழில் கிரிக்கெட் வர்ணனைக்கு ஒரு மரபை உண்டாக்கியோருள் முக்கியமானவரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வானொலி நாடகத்தின் வழியாகவே இத்துறைக்கு வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தைச் சேர்ந்த அவர், 'சானா' என அறியப்பட்ட எஸ். சண்முகநாதன் இலங்கை வானொலியின் தமிழ் நாடகத்தை வளர்த்தெடுத்த காலத்தில், கொழும்பிலே அந்நாடகங்களுக்குக் குரல் கொடுத்தவர். வானொலி நாடகத்தில் மேடையோ ஒப்பனையோ இல்லை. ஒருவர் அருகில் நிற்கிறாரா, தூரத்திலிருந்து அழைக்கிறாரா என்பதைக்கூட, ஒலிவாங்கிக்கு முன்னால் முகத்தைச் சற்றே விலக்கியும் நெருக்கியும் குரலே உணர்த்த வேண்டும். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பயிற்சியே எனலாம்.

1980களில் சென்னை வானொலி தமிழில் கிரிக்கெட்டை ஒலிபரப்பியபோது, அப்துல் ஜப்பாரோடு கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோரின் குரல்களும் நேயர்களுக்குப் பழக்கமாயின. இவர்களுள் கூத்தபிரானும் நாடகத்துறையைச் சேர்ந்தவர், சிறுவர் நிகழ்ச்சிகளால் 'வானொலி அண்ணா' எனப் புகழ்பெற்றவர் என்பதைத் தற்செயலென ஒதுக்கிவிட முடியாது. நாடகப் பயிற்சி இங்கு ஏன் கைகொடுக்கிறது என்பதை ஆட்டத்தின் அமைப்பே காட்டும். டெஸ்ட் போட்டியில் ஒரு நாளுக்கு 90 ஓவர்கள், அதாவது 540 பந்துகள் வீசப்பட வேண்டுமென்பது இன்றைய விதி. ஒவ்வொரு பந்தின் ஆயுளும் சில நொடிகளே என்பதால், நாளின் மிகப் பெரும் பகுதி பந்து ஓடாத நேரமாகும். பந்து வீச்சாளர் திரும்பி நடப்பதும், தலைவர் களத்தடுப்பை மாற்றுவதும், மட்டை பிடித்தவர் கையுறையைச் சரிசெய்வதும் நேயருக்கு வெறும் மௌனமாகவே எஞ்சும். அந்த மௌனத்தை அடுத்த பந்துக்கான எதிர்பார்ப்பாக மாற்றுவதே வர்ணனையாளரின் முதன்மையான பணி, ஓட்டக் கணக்கை ஒப்பிப்பது எவராலும் ஆகும்.

கனடாவின் பனித்தள ஹொக்கியில் நிலைமை நேர்மாறானது. பனிக்கட்டித் தரையில் 'பக்' எனப்படும் இறப்பர் வட்டை மட்டையால் அடித்துச் செல்லும் அவ்வாட்டத்தில், ஆட்டம் நிற்காமலே வீரர்கள் மாறிக்கொள்வர். 1923இல் டொரொண்டோவில் வானொலி வர்ணனையைத் தொடங்கி, 1972இல் கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய தொடரையும் வர்ணித்த பொஸ்டர் ஹூவிட், மூச்சுவிடவே இடமில்லாத வேகத்தில் பேசிப் பெயர்பெற்றவர். அவருக்கு விரைவு எப்படியோ, அப்துல் ஜப்பாருக்கு நிதானம் அப்படி.

2020 டிசெம்பரில் அப்துல் ஜப்பார் வபாத்தானபோது, காட்சியைக் கண்டுகொண்டே வர்ணனை கேட்கும் தொலைக்காட்சிப் பழக்கம் முழுமையாக வேரூன்றியிருந்தது. இலங்கையின் கல்முனைச் சந்தாங்கேணி மைதானம் போன்ற இடங்களில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளின்போது ஒலிபெருக்கியில் ஒலிக்கும் வர்ணனையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கானதே. எனவே பந்து எங்கே இருக்கிறது என்பதைவிட, உதைத்தவர் எந்த ஊர், எந்தக் கழகம் என்பதே அங்கு பெரிதாகப் பேசப்படுகிறது. ஒலிபரப்பு வர்ணனையினின்று பெரிதும் வேறுபட்ட அந்த ஒலிபெருக்கி மரபு அடுத்த இதழில் ஆராயப்படும்.